பசைவாளிக் காலத்துப் பாட்டுக்காரன்

நல்ல பாட்டுக்கு விளம்பரம் எதற்கு என்று நான் பேசித் திரிந்ததைக் கேட்டவர்கள் சிலர் இன்னும் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் நடமாடிக்கொண்டிருக்கிறார்கள் என்பதால், இந்த விஷயத்தில் எதைச் சொன்னாலும் கொஞ்சம் அடக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. எண்பதுகளின் கடைசியில், ஊரெல்லாம் பேகி பேண்ட்டுக்கு மாறிய பிறகும் பெல்பாட்டத்தை விடாமல், தோளைத் தொடும் முடியோடு ஒரு மெல்லிசைக் குழுவில் கிதார் வாசித்துக்கொண்டிருந்தேன். பாட்டு நன்றாக இருந்தால் அதற்குத் தானாகவே கால் முளைத்துவிடும், சேர வேண்டிய காதில் அதுவே போய்ச் சேர்ந்துவிடும் என்று அசைக்க முடியாத தத்துவம் ஒன்று எனக்கு அப்போது இருந்தது. அதை நான் வழக்கமாக விளக்கியது நள்ளிரவுக்கு மேல், பாளையங்கோட்டைச் சுவர் ஒன்றில் மறுநாள் கச்சேரிக்குச் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருக்கும்போது, ஒரு கையில் பசைவாளியும் மறு கையில் பிரஷ்ஷுமாக. தத்துவத்துக்கும் வாளிக்கும் இருந்த முரண்பாடு அன்று என் கண்ணில் படவே இல்லை, இருட்டு அப்படி.

அந்தப் பசையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் போனால் பாவம். மைதா மாவைக் கரைத்து, கட்டி தட்டாமல் கிண்டிக் காய்ச்சி, இறக்கும்போது கொஞ்சம் மயில்துத்தம் போடுவோம். போடாவிட்டால் விடியும் முன்னே மாடு வந்து சுவரொட்டியை உரித்துத் தின்றுவிடும். எங்கள் முதல் விமர்சகர்கள் அந்த மாடுகள்தாம், பெரும்பாலும் தாராளமாகவே நடந்துகொண்டார்கள். சுவரொட்டியில் ஆளாளுக்கு அடைமொழி உண்டு. எங்கள் பாடகருக்கு வானொலி நிலையத்துக் குரல் தேர்வில் ‘பி’ கிரேடு கிடைத்த வாரமே அவர் ‘வானொலி புகழ்’ ஆனார். டிரம்ஸ்காரர் ஒரு உறவுக் கல்யாணத்துக்காகச் சென்னைக்குப் போய் வந்ததிலிருந்து ‘சென்னை புகழ்’. எனக்குக் ‘கிதார் மன்னன்’ என்று போட்டார்கள். நான் அதை வன்மையாகக் கண்டித்தேன். அடுத்த சுவரொட்டியில் அது விடுபட்டுப் போனபோது அதைவிட வன்மையாகக் கண்டித்தேன்.

எங்கள் பிழைப்பு அம்மன் கோயில் கொடைகளை நம்பி இருந்தது. சித்திரை பிறந்துவிட்டால் ஆவணி வரை தெற்கத்தி ஊர்களில் ஏதாவது ஒரு கோயிலில் கொடை நடந்துகொண்டே இருக்கும். ஒரு ராத்திரி வில்லுப்பாட்டு, ஒரு ராத்திரி கரகாட்டம், இன்னொரு ராத்திரி நாங்கள். ஆள் தேடி வரும் கமிட்டிப் பெரியவர்களுக்காக விசிட்டிங் கார்டு அடித்திருந்தோம். அதில் ஒரு தொலைபேசி எண், பக்கத்தில் ‘பி.பி.’ என்று இரண்டெழுத்து. இன்றைய பிள்ளைகள் பார்த்தால் ரத்த அழுத்தம் என்று நினைப்பார்கள். எங்களுக்கு அது பக்கத்து மருந்துக்கடை. கடைக்காரர் மாத்திரை எண்ணுவதை நிறுத்திவிட்டு, எந்த ஊர், என்றைக்குக் கொடை, சவுண்டு சர்வீஸ் யாருடையது என்றெல்லாம் கேட்டு, ரேட்டைப் பேசி, முன்பணமும் முடிவு செய்த பிறகுதான் ஒரு பையனை எங்கள் வீட்டுக்கு அனுப்புவார். அவருக்கு மேனேஜர் என்ற பெயரும் கிடையாது, கமிஷனும் கிடையாது. அவர் கேட்டதெல்லாம், எந்த ஊர் மேடையானாலும் பி.பி.ஸ்ரீனிவாஸ் பாட்டு ஒன்று பாட வேண்டும் என்பதுதான். மேடையிலோ, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் எங்கள் அறிவிப்பாளர் எழுந்து, அன்பளிப்பு கொடுத்த பெரியவரின் பெயரை அவர் தாத்தா பெயரோடு சேர்த்து வாசித்துவிட்டு, இதுபோன்ற இனிய நிகழ்ச்சிகளுக்கு அணுக வேண்டிய முகவரியைப் பாட்டைவிட ராகமாகச் சொல்லி முடிப்பார். இதற்கெல்லாம் மார்க்கெட்டிங் என்று யாராவது சொல்லியிருந்தால் நாங்கள் கோபித்துக்கொண்டிருப்போம். காய்கறி விற்கிற இடத்தைத்தான் நாங்கள் மார்க்கெட் என்போம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்களுக்குச் சொந்தமாகக் கேசட் போடும் ஆசை வந்தது. நாங்களே எழுதி நாங்களே மெட்டமைத்த, எந்தக் கதாநாயகனும் வாயசைக்காத பாட்டுகள். கைக்காசைப் போட்டு ஒலிப்பதிவு செய்து, சில நூறு பிரதிகள் எடுத்து, சிவகாசியில் இன்லே கார்டு அச்சடித்தோம். அதில் நான் மணப்பாட்டுக் கடற்கரையில் கிதாரோடு தொலைவானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். வெயில் தாங்காமல் கண்ணைச் சுருக்கியதை ஆழ்ந்த சிந்தனை என்று நம்பாதவர் இல்லை. கேசட்டைத் தூக்கிக்கொண்டு வண்ணார்பேட்டையில் ஒரு ரெக்கார்டிங் சென்டருக்குப் போனேன்.

‘என்ன படம்?’ என்றார் கடைக்காரர்.

‘படம் இல்ல அண்ணாச்சி, நாங்களே போட்டது.’

‘படம் இல்லாத பாட்ட யாருல கேப்பா?’

‘இளையராஜாவே 1986-ல படம் இல்லாம “ஹவ் டு நேம் இட்” போட்டாருல்லா?’

‘அவரு இளையராஜால்லா’ என்றார். அதற்குமேல் அந்த விவாதத்தில் எனக்கு இடமில்லை. ஆனாலும் கேசட்டை வாங்கி வைத்துக்கொண்டார்.

ரெக்கார்டிங் சென்டர் என்றால் என்னவென்று அறிந்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு காந்த நாடா வாசனை வர வேண்டும். வேண்டிய பாட்டுகளைத் துண்டுச்சீட்டில் எழுதி, அறுபது நிமிடக் கேசட் ஒன்றையும் கொடுத்துவிட்டு வந்தால், சில நாள் கழித்து, சாய்ந்த எழுத்தில் பாட்டு வரிசை எழுதிய அட்டையோடு கேசட் கைக்கு வரும். பக்கத்துக்கு முப்பது நிமிடம்; ஆறோ ஏழோ பாட்டு அடங்கியபின் கடைசியில் மூன்று, நான்கு நிமிடம் மிஞ்சும். சீட்டில் எழுதாத அந்த மிச்சத்து நாடாவில் எதைப் போடுவது என்பது முழுக்க முழுக்கக் கடைக்காரரின் ராஜ்ஜியம். பிடித்ததைப் போடுவார், கேட்கிறவனுக்கும் பிடித்துப்போனால் அடுத்த முறை வந்து, ‘கடைசியா ஒண்ணு போட்டீங்களே, அது என்ன?’ என்பான். இன்றைக்கு ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்ததைத் தானாக எடுத்துக் கொடுக்கும் இயந்திரத்துக்குப் பெரிய பெரிய கணக்குகள் வேண்டியிருக்கின்றன. வண்ணார்பேட்டை அண்ணாச்சிக்கு, வந்தவன் முகமும் மிஞ்சிய நாடாவும் போதுமாக இருந்தன.

எங்கள் பாட்டு ஒன்று அப்படித்தான் பிழைத்தது. ஒருநாள் தூத்துக்குடி பஸ்ஸில், வரிசையாக சினிமாப் பாட்டுகள் ஓடி முடிந்து, டிரைவர் கேசட்டைத் திருப்பிப் போடப் போகிறார் என்று எல்லாரும் நினைத்த நேரத்தில், என் கிதார் கேட்டது. முன்சீட்டில் கத்தரிக்காய்ப் பையை மடியில் வைத்திருந்த ஒரு அம்மா சரணத்துக்குத் தலையாட்டினார். ‘அம்மா, அது நான்தான்’ என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் கண்டக்டர், ‘வல்லநாடு இறங்கு’ என்றார், அந்த அம்மா இறங்கிப் போய்விட்டார். எத்தனை பேர் கேட்டார்கள், எந்த இடத்தில் நிறுத்தினார்கள், இறங்கியபின் மறந்தார்களா என்ற எந்தத் தகவலும் எங்களுக்கு வராத காலம் அது. வராததால், என் கணக்கில் அந்த அம்மா முப்பது வருடமாக அதே சரணத்தைப் பாடிக்கொண்டே கத்தரிக்காய் நறுக்குகிறார். இந்த மாதிரி ஒரு ரசிகையை எந்தப் புள்ளிவிவரமும் யாருக்கும் தந்ததில்லை.

கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் பாட்டு இப்படித்தான் வந்தது. எங்கள் சின்ன வயதில், மத்திய அலையில் ஊர் வானொலியைவிடத் துல்லியமாகக் கேட்டது இலங்கை வானொலி. ஏ.ஈ.மனோகரனின் ‘சுராங்கனி’யும் நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’யும் எந்தப் படத்திலும் பிறக்காமல், பொப் பாடல் என்ற பெயரோடு எங்கள் பள்ளிக்கூடச் சுற்றுலா பஸ் வரை வந்து ஏறிக்கொண்டன. அவை தாமாக நடந்து வந்தன என்றே நான் நம்பினேன். நடுவில் ஓர் ஒலிபரப்பு நிலையம் இருந்ததும், அதில் தினமும் காலையில் எழுந்து வந்து தட்டை எடுத்துச் சுழலவிட்ட அறிவிப்பாளர்கள் இருந்ததும் என் தத்துவத்தில் கணக்கில் வரவில்லை. இன்னும் பின்னால் போனால், பத்துப்பாட்டில் ஏறக்குறைய பாதி ஆற்றுப்படை நூல்கள்: பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன், வழியில் வாடி நிற்கும் இன்னொரு கலைஞனிடம், இன்ன வழியாகப் போ, இன்ன வள்ளலைப் பார், இன்னின்ன கிடைக்கும் என்று சொல்லி அனுப்புவது. யாழைத் தூக்கிக்கொண்டு காட்டு வழியில் நடந்த பாணனுக்கே எங்கே போய் யார் முன்னால் வாசிப்பது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது என்றால், பெல்பாட்டம் போட்டவன் பாட்டு தானாக நடக்கும் என்று எப்படி நம்பினேனோ!

இப்போது அக்கா மகன் பாட்டுப் போடுகிறான். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை, ராத்திரியில் இசை. ஸ்டூடியோ என்பது அவன் படுக்கையறை அலமாரி. உள்ளே தொங்கும் சட்டைகளுக்கு நடுவில் மைக்கை வைத்து, எதிரொலி வராமல் இருக்க அக்கா கொடுத்தனுப்பிய ஜமுக்காளத்தைக் கதவில் மாட்டிப் பாடுகிறான். நாங்கள் ஊரெல்லாம் கடன் வாங்கிச் சேர்த்த ஒலிப்பதிவுக் காசில் அவன் ஒரு மைக்கும் ஒரு சின்னப் பெட்டியும் வாங்கி, காலம் முழுக்கப் பதிவு செய்துகொள்கிறான். வயலின் வேண்டுமென்றால் முப்பது வயலின் மடிக்கணினிக்குள் இருக்கிறது. ஒருவரும் டீ கேட்பதில்லை. பாட்டைக் கேட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

‘பொறவென்ன, வெளியிட வேண்டியதுதானல?’ என்றேன்.

‘இனிமேதான் மாமா வேலையே’ என்றான்.

அந்த வேலையைக் கூடவே உட்கார்ந்து பார்த்தேன். பாட்டை ஒரு விநியோக நிறுவனத்துக்கு ஏற்ற வேண்டும். அவர்கள் ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் என்று எல்லாக் கடைகளிலும் கொண்டு போய் வைப்பார்கள். எழுதியவர், இசையமைத்தவர், வாசித்தவர், யாருக்கு எத்தனை சதவீதம் என்று ரேஷன் கார்டு விண்ணப்பத்தைவிட நீளமான படிவம். 2015-லிருந்து உலகம் முழுவதும் புதுப் பாட்டு வெளியாவது வெள்ளிக்கிழமைகளில்தானாம். அம்மனுக்கு உகந்த நாளாச்சே என்று அக்கா சந்தோஷப்பட்டாள். வெளியாவதற்குக் குறைந்தது ஏழு நாள் முன்னால், பட்டியல் தொகுக்கும் ஆசிரியர் குழுவுக்குப் பாட்டைப் பற்றி எழுதி அனுப்ப வேண்டும். அதில் பாட்டின் மனநிலை என்ன என்று ஒரு கேள்வி. ‘கடலை கொறிச்சுக்கிட்டே, லேட்டா வர்ற ரயிலுக்காக நாங்குநேரி ஸ்டேஷன்ல உக்காந்திருக்க மாதிரி’ என்று சொன்னேன். பையன் திரையில் மேலும் கீழும் தேடிவிட்டு, ‘அது இல்ல மாமா, “சில்”தான் இருக்கு’ என்று அதை அழுத்தினான்.

பிறகு ரீல்ஸ். 2020 ஜூனில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள், அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்துவிட்டது. கொட்டகை மாறியதே தவிர கூத்து நிற்கவில்லை. முதல் மூன்று விநாடியில் ஆளைப் பிடிக்காவிட்டால் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள் என்பது மருமகனின் வேதம். முன்னிசை என்ற ஒன்றை அவன் அகராதியிலேயே காணோம். நாங்கள் வளர்ந்த பாட்டுகளில், பாடகர் வாயைத் திறப்பதற்கு முன் குழல் ஒரு வார்த்தை சொல்லும், வயலின்கள் கூட்டமாக வந்து அதற்குப் பதில் சொல்லும், தபலா தொண்டையைச் செருமிக்கொள்ளும். அந்த அரை நிமிடத்துக்குள் கேட்கிறவர் வேஷ்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு திண்ணையில் சாய்ந்திருப்பார். இப்போதோ ஸ்பாட்டிஃபையில் முப்பது விநாடி கேட்டால்தான் ஒரு முறை கேட்டதாகவே கணக்கு. என் கிதாரை முதலில் வைக்கலாம் என்று யோசனை சொன்னேன். ‘முப்பது செகண்ட் தாண்டட்டும், அதுக்கப்புறம் நீங்க என்ன வேணாலும் வாசிங்க’ என்றான். வயதுக்கு மரியாதை தெரிந்த பிள்ளை.

எதற்கு இந்த ஓட்டம் என்று கேட்டால் கணக்கு சொல்கிறான். உலகத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 லட்சம் பாட்டுகள் இந்தத் தளங்களில் வந்து விழுகின்றன. ஒரு பாட்டைப் பன்னிரண்டு மாதத்தில் 1,000 முறையாவது கேட்டிருக்காவிட்டால், 2024-லிருந்து ஸ்பாட்டிஃபை அதற்கு ஒரு காசும் தருவதில்லை. யூட்யூபில் விளம்பர வருமானம் வர வேண்டுமானால் 1,000 சந்தாதாரர், ஒரு வருடத்தில் 4,000 மணி நேரப் பார்வை. அந்த மணி நேரம் இல்லையென்றால் ஷார்ட்ஸுக்கு 90 நாளில் 1 கோடிப் பார்வை. எங்கள் காலத்தில் வாசலில் காவலாளி இருந்தார்: வானொலியில் குரல் தேர்வு, கம்பெனியில் முதலாளி. உள்ளே போவது கஷ்டம். போய்விட்டால், நம் பெயர் சொல்லப்படும்போது ஜில்லாவே காது கொடுத்தது. இப்போது கதவையே கழற்றி வைத்துவிட்டார்கள். எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள், எல்லாரும் பாடுகிறார்கள், கேட்பதற்கு வெளியில்தான் ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் பழைய காவலாளிக்காகக் கண்ணீர் விடவும் எனக்கு மனசில்லை. எங்கள் இரண்டாவது தொகுப்பை ஒரு கேசட் கம்பெனி மொத்தமாக வாங்கியது. ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் குறுக்கே கையெழுத்துப் போட்டு, ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, வெளியில் வந்து பரோட்டா சாப்பிட்டோம். அதன்பின் அந்தப் பாட்டுகளின் மேல் எனக்கு மிஞ்சிய உரிமை, ரசிக்கும் உரிமை மட்டும்தான். மருமகனோ தன் பாட்டுக்குத் தானே உடைமையாளன். மலேசியாவிலோ துபாயிலோ யாராவது கேட்டால், பைசாவின் பின்னமானாலும் அவன் கணக்கில் விழுகிறது. சினிமாவின் தயவில்லாமல் பாட்டு ஊரை ஆள முடியும் என்பதையும் இவர்கள் காலத்தில்தான் பார்த்தேன்: 2021-இல் தீயும் அறிவும் பாடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’ தேசம் தேசமாகப் போயிற்று, 2024-இல் சாய் அபயங்கரின் ‘கட்சி சேர’வுக்கு ரீல்ஸில் ஆடாத கால் குறைவு. அதே ‘எஞ்சாய் எஞ்சாமி’க்காக அதுவரை வருமானமே வரவில்லை என்று மூன்று வருடம் கழித்து அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னபோது, ரெவின்யூ ஸ்டாம்பும் பரோட்டாவும் என் ஞாபகத்துக்கு வந்ததைத் தடுக்க முடியவில்லை. கோடிக்கணக்கான பேர் கேட்ட பாட்டுக்கே அந்த நிலை என்றால், முன்னேற்றம் ஒரு கையால் கொடுப்பதை இன்னொரு கை எண்ணிப் பார்த்துக்கொள்வது நல்லது.

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், பாட்டு எந்தக் காலத்திலும் தானாக நடந்ததில்லை. எங்கள் பாட்டை மருந்துக்கடைக்காரர் கொஞ்ச தூரம் தூக்கினார், அறிவிப்பாளர் கொஞ்ச தூரம், வண்ணார்பேட்டை அண்ணாச்சி, தூத்துக்குடி டிரைவர் என்று ஆளுக்கொரு தோள் கொடுத்தார்கள். கூலியாக டீ வாங்கிக்கொண்டதால் அவர்கள் சுமந்தது எங்களுக்குத் தெரியவில்லை. அந்தத் தோள்கள் ஒவ்வொன்றாக விலகிப் போன பிறகு, கிதாரையும் வைத்துக்கொண்டு அத்தனை பேர் வேலையையும் தனி ஒருவனாகச் செய்கிறவனைப் பார்த்து, கலைஞனுக்கு எதற்குடா விளம்பரம் என்று கேட்க எனக்கு வாய் வருவதில்லை. அவன் அதைச் செய்யாவிட்டால் அந்தப் பாட்டு ஜமுக்காளம் மாட்டிய அலமாரியை விட்டு வெளியே வராது. எனக்கிருக்கும் வருத்தம் வேறு. சுவரொட்டி ஒட்டிய ராத்திரிகளில் எங்களுக்குள் பேச்சு இருந்தது, சண்டை இருந்தது, வாளியைக் கழுவியபின் விடியற்காலை இட்லி இருந்தது. சாதகத்துக்குப் பகல் முழுக்க மிச்சம் இருந்தது. மருமகன் தனியாக உட்கார்ந்து, எத்தனையாவது விநாடியில் எத்தனை பேர் விலகிப் போனார்கள் என்ற கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். போன மாதம் ஸ்வரம் பாடிப் பார்த்தாயா என்று கேட்டால், ‘கன்டென்ட் முடிக்கணும் மாமா’ என்கிறான்.

வாய் வருவதில்லை என்று சொன்னேனே, ஒரே ஒருநாள் வந்துவிட்டது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, என்னை அறியாமல், பழைய பெல்பாட்டக்காரன் எழுந்து நின்று, ‘நல்ல பாட்டுக்கு என்னத்துக்குல இவ்வளவு கூத்து’ என்று ஆரம்பித்து, முன்னிசை, மிச்சத்து நாடா, மயில்துத்தம் என்று பொரிந்து தள்ளினான். மருமகன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். மறுநாள் அது ரீல் ஆக வந்தது, பின்னணியில் அவன் பாட்டோடு. அவன் இதுவரை போட்ட எல்லாவற்றையும்விட அதைத்தான் ஜனங்கள் பார்த்தார்கள். ‘ஐயா சொல்றது நூத்துக்கு நூறு உண்மை’ என்று பாதிப் பேர், ‘பூமர் அங்கிள்’ என்று மீதிப் பேர். நடுவில் யாரோ ஒருவர், ‘பின்னாடி ஓடுற பாட்டு என்ன?’ என்று கேட்டிருந்தார். மார்க்கெட்டிங்கைத் திட்டுவதைவிட நல்ல மார்க்கெட்டிங் இல்லை என்று கண்டுகொண்ட மருமகன், வாரம் ஒருமுறை எனக்குக் கோபம் வர வேண்டும் என்று கேட்டிருக்கிறான். நானும் யோசித்து வைத்திருக்கிறேன். நெல்லையில் கோபத்துக்குப் பஞ்சமா?

புதுப் பாட்டு வரும் வெள்ளிக்கிழமை வெளியாகிறது. பெயரைக் கடைசிவரை சொல்லாமல் ஆவலைக் கிளப்புவதும் ஓர் உத்தி என்று எனக்குப் பாடம் எடுத்திருப்பதால் சொல்லமாட்டேன். தேடிப் பிடித்துக் கேட்கிறவர்கள் தயவுசெய்து முப்பது விநாடிக்கு முன்னால் தள்ளிவிட்டுப் போய்விடாதீர்கள்; முப்பத்தோராவது விநாடியில்தான் கிதார் வருகிறது.